நெட்டிக்குள் நுழைந்த சூரியன்

வட ஆற்காட்டைப் பற்றி எதை எழுத உட்கார்ந்தாலும் பேச்சு கடைசியில் தலையில் வந்து நிற்கிறது. சென்ற வாரம், 1806இல் வேலூர்க் கோட்டையில் ஒரு தலைப்பாகை கிளப்பிவிட்ட கலகத்தைப் பார்த்தோம். இந்த வாரம் கோட்டையை விட்டு வெளியே வந்து, அணைக்கட்டு தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரத்து ஒடுகத்தூருக்குப் போவோம். சித்திரை வைகாசியில் அங்கே வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையில் எத்தனை தலை உண்டோ அத்தனை விதமாகத் துண்டும் உண்டு. நனைத்துப் பிழிந்து நான்காக மடித்து உச்சியில் வைத்த துண்டு, காதை மூடி இறுக்கிய முண்டாசு, முகத்துக்கு மேல் இழுத்துவிட்ட சேலைத் தலைப்பு. மேலே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று மலையூர்களிலிருந்து இறங்கி வருகிறவர்கள் தலையிலும் அதுவேதான். அந்தத் துண்டு வியர்வை துடைக்கும், உட்கார விரிப்பாகும், காசு முடிந்துகொள்ள உதவும். மாட்டுச் சந்தை என்றால் அதற்கு அடியில்தான் விரல் பிடித்து விலை பேசுவார்கள். வெயில் காலத்துக்கென்று தனியாக ஓர் உடுப்பு இங்கே தைக்கப்படவில்லை. இருக்கிற துணி தோளிலிருந்து தலைக்கு ஏறுகிறது, அவ்வளவுதான். இதே வெயிலுக்கு இதே மாவட்டத்தில் தனி உடுப்பும் அதற்கொரு தனிப் பெயரும் வைத்துக்கொண்டவர்கள் வெள்ளைக்காரர்கள். அந்தப் பெயர் ஒரு கூட்டுச்சொல்: சோலா டோப்பி. அதையே பாதிப் பேர் 'சோலார் டோப்பி' என்று எழுதினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஆங்கிலத்தில் கடைசியில் நிற்கும் ஒற்றை 'ஆர்'. அந்த எழுத்து காதின் தவறால் மட்டும் வந்ததல்ல, தொப்பியைப் பற்றிய ஒரு நம்பிக்கை பெயருக்குள் புகுந்த வழி அது என்பதே இந்த வாரத்து வாதம்.

கூட்டுச்சொல்லின் பின்பாதியை முதலில் முடித்துவிடலாம், அதில் சிக்கல் குறைவு. டோப்பி என்பது இந்துஸ்தானிச் சொல், நம்முடைய தொப்பிதான். ஐரோப்பியர்களை அவர்கள் தலையில் இருந்ததை வைத்தே 'தொப்பிக்காரர்' என்று தமிழர்கள் அழைத்தார்கள். வடக்கே 'டோப்பிவாலா' என்றார்கள். தொப்பி போட்டவர்களுக்கு அவர்கள் தொப்பியின் பெயர் நம் வாயிலிருந்து போனது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். முன்பாதியில்தான் வழக்கு. இதைத் தீர்த்துவைத்தவர்கள் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெலும். இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களுக்காக அவர்கள் தொகுத்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி 1886இல் வெளிவந்தது. பர்னெல் சென்னை மாகாண சிவில் சர்வீஸ்காரர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். அகராதி அச்சாகி வருவதைப் பார்க்காமலே 1882இல் இறந்துபோனார். அகராதி இந்தச் சொல்லை 'சோலா' என்ற தலைப்பில் வைத்து, 'சோலார்' என்பதைக் கொச்சை வடிவம் என்று பக்கத்திலேயே தள்ளிவைக்கிறது. மூலம் 'ஷோலா' என்ற இந்திப் பெயர், ஒரு நீர்ச்செடியின் பெயர். ஆங்கிலேயர்கள் புரியாத சொல்லில் எப்படியாவது ஒரு பொருளைக் கண்டுபிடிக்கும் வழக்கப்படி அதைச் 'சோலார்' ஆக்கிக்கொண்டார்கள் என்பது தீர்ப்பு. 'ஷ' எப்படி 'ச' ஆனது என்பதற்கு வங்காளிகளுக்கு 'ஷ' வராது என்று அகராதி காரணம் சொல்வதுதான் வேடிக்கை. வங்காளிகள் வாயில் 'ச'வே 'ஷ'வாகத்தான் வரும். வராதவர்கள் வேறு யாரோ. பெரிய அகராதிக்காரர்களும் பழியைப் போட ஒரு ஆளைத் தேடுவார்கள் என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. செடியைப் பற்றி அவர்கள் சொன்னது சரி.

அந்தச் செடி நமக்கு அந்நியமானதல்ல. அதன் தமிழ்ப் பெயர் நெட்டி. தேங்கி நிற்கும் ஏரித் தண்ணீரிலும் சதுப்பிலும் வளரும் அவரைக் குடும்பத்துச் செடி. விரல் பருமனிலிருந்து கைத்தடிப் பருமன் வரை தண்டு வைக்கும். மேலே இருக்கும் பழுப்புத் தோலைச் சீவி எடுத்தால் உள்ளே பால் வெள்ளையாக, நகம் பட்டால் பள்ளம் விழும் மென்மையோடு ஒரு பொருள். கையில் வைத்தால் எதையும் வைத்திருப்பதாகவே தோன்றாது. பழைய தமிழில் இதற்குக் 'கிடை' என்று பெயர். புறநானூற்றின் 75ஆம் பாட்டில் சோழன் நலங்கிள்ளி அரசாட்சியின் எடையை இந்தக் கிடையை வைத்தே நிறுக்கிறான். தகுதியில்லாதவன் கைக்கு வந்தால் ஆட்சி பெரும் பாரம்; தாங்கக்கூடியவனுக்கோ அது குளம் வற்றிய கோடையில் காய்ந்துபோன கிடைத்தண்டைப்போல இலேசானது என்பது அவன் கணக்கு. ஒரு பேரரசு இதே தண்டை இழைத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரியாது. வங்காளத்து மீனவர்கள் இதை எட்டு எட்டாகக் கட்டி வலைக்கு மிதவையாக்கினார்கள். 1830களில் ஃபேனி பார்க்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி அதை நின்று பார்த்து எழுதியிருக்கிறார். பல்லக்கின் கூரைக்குள் வெக்கை இறங்காமலிருக்க இதைத் திணித்தார்கள். சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டினால் பொறி விழுந்து பற்றுவதற்கும் இதுதான் பஞ்சு. லால் பிஹாரி தேயின் 'கோவிந்த சாமந்தா' நாவலில் அந்தக் காட்சி வருகிறது. வெயில் என்ற நெருப்புக்குப் பயந்தவர்கள் நெருப்பு பிடிக்க வைக்கும் பொருளைத் தலையில் சுமந்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் தொப்பிக்கு வந்து சேர்வதற்கு முன்பே நெட்டிக்கு இத்தனை வேலைகள் இருந்தன, அந்த வேலைகளைத் தெரிந்த கைகளும் இருந்தன என்பதுதான் இங்கே சாட்சியம்.

தொப்பி செய்யும் முறை இந்தக் கைகளிலிருந்து பிறந்தது. நெட்டியை நனைத்துப் பதப்படுத்தி, தண்டைச் சுழற்றிக்கொண்டே கத்தியால் ஒரே தகடாக உரித்துக்கொண்டு வருவார்கள். அந்தத் தகடுகளைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, தலை வடிவத்து அச்சின் மேல் படியவைத்துக் காயவிட்டால் ஓடு தயார். அதன்மேல் வெள்ளைத் துணியோ காக்கியோ போர்த்தி, விளிம்பின் அடிப்பக்கம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பச்சைத் துணி தைப்பது வழக்கம். குறுக்காக வெட்டிப் பார்த்தால் அரை அங்குலத்துக்குக் குறையாத கனம் இருக்கும். அந்தக் கனத்தில் பெரும்பகுதி காற்று. அந்தக் காற்றுதான் வெக்கையை மறிக்கிறது. மழையில் நனைந்தால் மட்டும் கதை முடிந்தது. ஊறி, கனத்து, அச்சில் இருந்த வடிவத்தை மறந்து தொங்கிவிடும். அதனால் இது முழுக்க முழுக்கக் கோடைக்கான உடுப்பு. ராணுவம் பிற்காலத்தில் நெட்டியை விட்டுத் தக்கைமரப் பட்டையில் ஹெல்மெட் செய்துகொண்டதற்கும் இதுவே காரணம். ஆனாலும் ஆங்கிலத்தில் அந்தப் பட்டை ஹெல்மெட்டையும் 'பித் ஹெல்மெட்' என்றே, அதாவது தண்டுச்சோற்றுத் தொப்பி என்றே சொன்னார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். செடிநூலார் கணக்கில் நெட்டியின் வெள்ளைப் பகுதி கற்றாழைச் சோறு போன்ற சோறே அல்ல. மிக மிக மென்மையான கட்டை. ஆக, இந்தத் தொப்பிக்கு ஆங்கிலம் வைத்த 'சோலார்' சூரியனும் இல்லை, 'பித்' சோறும் இல்லை, பல சமயம் உள்ளே நெட்டியே இல்லை. மிச்சமிருந்த 'டோப்பி' ஒன்றுதான் உண்மை பேசியது, அதுவும் நம்மிடம் வாங்கியது.

இப்போது அந்த எழுத்துக்கு வருவோம். முதல் மறுப்பு எளிமையானது, நியாயமானதும்கூட. தென் இங்கிலாந்துக்காரர் பேச்சில் சொல்லின் கடைசி 'ஆர்' ஒலிக்காது. அவர் வாயில் 'சோலா'வும் 'சோலா'ரும் ஒரே சத்தம். காதில் விழுந்ததை எழுதப் போனவர் தெரிந்த எழுத்தில் எழுதினார், இதில் நம்பிக்கை எங்கே வந்தது என்று கேட்கலாம். ஒலி வழிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒலி வழிவிட்ட இடத்திலெல்லாம் சொல் திரும்பிவிடுவதில்லை. அந்தப் பக்கம் இழுக்க ஏதாவது இருக்க வேண்டும். சென்னையில் ஹாமில்டன் பாலத்தின் கதை தெரிந்ததுதான். ஹாமில்டன் தமிழர் வாயில் அம்பட்டன் ஆகி, அம்பட்டன் பாலத்தை யாரோ ஆங்கிலத்தில் பெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று எழுத, கவர்னர் காலத்துத் துரை ஒருவர் ஊர் நாவிதராக மாறிப்போனார். அந்தப் பாலத்தோடு முடிதிருத்தும் தொழிலுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அதனால்தான் அது இன்றுவரை சிரிப்புக் கதையாகவே இருக்கிறது. சோலார் டோப்பியைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. தவறு என்று 1886இலேயே அகராதி அச்சில் சொன்ன பிறகும், எழுத்தறிந்தவர்கள், மருத்துவர்கள், கடைக்காரர்கள் அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகள் அப்படியே எழுதினார்கள். திருத்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒரு பிழை நிலைக்கிறது என்றால், அந்தப் பிழை எழுதுகிறவர்களுக்கு ஏதோ ஒன்றைச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். அது என்ன?

சொன்னது இதுதான்: எதிரி சூரியன். கும்பினிக் காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் கம்பளிக் கோட்டும் கழுத்தை இறுக்கும் தோல்பட்டையும் உயரத் தொப்பியுமாக வைகாசி வெயிலில் அணிவகுத்தார்கள். 1857-58 கிளர்ச்சியின் போர்களில் துப்பாக்கிக்கு விழுந்தவர்களோடு வெயிலுக்கு விழுந்தவர்களும் நிறைய. இந்தியாவில் மருத்துவராக இருந்த ஜூலியஸ் ஜெஃப்ரிஸ் 1858இல் பிரிட்டிஷ் படையின் உடைக்கும் குடியிருப்புக்கும் என்று ஒரு புத்தகமே எழுதி, காற்றோட்டமுள்ள தொப்பிகளுக்கு வாதாடினார். அவர் பார்த்தது வெக்கையை; உடம்பு வியர்த்துக் குளிர வழி வேண்டும் என்பதை. அவருக்குப் பின் வந்தவர்களோ வெக்கையை விட்டுவிட்டு ஒளியைப் பிடித்துக்கொண்டார்கள். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் மண்டையோட்டைத் துளைத்து மூளையையும் முதுகுத்தண்டையும் தாக்குகிறது, வெள்ளையர் உடம்புக்கு அதைத் தாங்கும் காப்பு இல்லை என்றார்கள். அமெரிக்க ராணுவ மருத்துவர் சார்லஸ் வுட்ரஃப் 1905இல் இதை ஒரு முழு நூலாக விரித்தார். லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் லூயி சாம்பன், உள்ளே சிவப்பு இழை ஓடும் ஒரு துணியை இந்தக் கதிருக்கு எதிராகவே உருவாக்கினார். அந்தத் துணியின் பெயர் 'சோலாரோ'. தொப்பியின் முன்பாதி சீலையிலும் ஏறிவிட்டது. முதுகுத்தண்டுக்கு மேல் பஞ்சுப் பட்டை வைத்துத் தைத்தார்கள். பிலிப்பைன்ஸில் அமெரிக்க ராணுவம் ஆரஞ்சுச் சிவப்பில் உள்ளாடை தைத்து ஐந்நூறு சிப்பாய்களுக்குக் கொடுத்து, வெள்ளை உள்ளாடை போட்ட இன்னொரு ஐந்நூறு பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 1910இல் ஜேம்ஸ் ஃபேலன் வெளியிட்ட முடிவு: பாதுகாப்பு ஒன்றும் இல்லை, சிவப்பு உள்ளாடை கூடுதலாகச் சுட்டது. வெயிலில் சாகிறவர்கள் கதிர் துளைத்துச் சாவதில்லை, உடம்பின் சூட்டை வெளியேற்ற முடியாமல்தான் சாகிறார்கள் என்பது ஜெஃப்ரிஸுக்கே தெரிந்த செய்தி. ஆனால் பெயரில் சூரியன் உட்கார்ந்துவிட்ட பிறகு அவனை எழுப்புவது யார்?

இந்தக் கோட்பாட்டின் உள்ளே இன்னொன்று ஒளிந்திருந்தது, அதற்குத்தான் வேலூர்க் கதையைத் திரும்ப இழுக்கிறேன். 1805 நவம்பரில் சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிராடக் காலத்தில் வந்த விதி, சிப்பாய்கள் நெற்றிக்குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல்குஞ்சம் வைத்த புதுமாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்றது. சிப்பாய்களின் கண்ணுக்கு அது தலைப்பாகையாகத் தெரியவில்லை, தொப்பியாகத் தெரிந்தது. தொப்பி போட்டால் தொப்பிக்காரனாகிவிடுவோம் என்று மறுத்தார்கள். 1806 மே மாதத்தில் மறுத்தவர்களில் இருவருக்கு ஆளுக்குத் தொள்ளாயிரம் கசையடி. ஜூலை 10 விடியலில் கோட்டை எரிந்தது. விதி திரும்பப் பெறப்பட்டது. கிராடக்கும் கவர்னர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் இது தலைகீழானதைக் கவனிக்க வேண்டும். முன்பு இந்தியத் தலைக்கும் தொப்பி வேண்டும் என்று சவுக்கால் சொன்னவர்கள், பிறகு இந்தியத் தலைக்குத் தொப்பியே தேவையில்லை, அந்த மண்டையோடு தடித்தது என்று மருத்துவத்தால் சொன்னார்கள். ஒரே பட்டாளத்தில், ஒரே மைதானத்தில், ஒரே வெயிலில் வெள்ளை அதிகாரிக்கு டோப்பி, பக்கத்தில் நிற்கும் ஹவில்தாருக்குத் தலைப்பாகை. அதிகாரியும் தன் டோப்பியைச் சுற்றி ஒரு பட்டைத் துணியைச் சுற்றிக்கொள்வார். ஆங்கிலத்தில் அதற்குப் 'பகரி' என்று பெயர், பக்கத்தில் நிற்பவரின் தலைப்பாகைக்கு இந்தியில் உள்ள பெயரேதான். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஆங்கிலோ-இந்தியர்கள். ஜோலார்பேட்டையிலும் அரக்கோணத்திலும் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த அந்தக் குடும்பங்களுக்கு டோப்பியைக் கழற்றுவது என்றால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை மாற்றிச் சொல்வதுபோல. மழைக்குக் குடை பிடிக்கிறவன் யார் என்று மழை கேட்பதில்லை; இந்தச் சூரியன் மட்டும் ஆள் பார்த்து அடித்தான்.

இரண்டாவது மறுப்பு கனமானது, ஏனென்றால் அதைச் சொன்னவர் காந்தி. 1929இல் 'யங் இந்தியா'வில் அவர் எழுதியதன் சாரம், தனக்குள்ளிருக்கும் குறுகிய தேசியம் ஹேட்டை எதிர்த்தாலும், உள்ளுக்குள் இருக்கும் உலகப் பொதுமனம் சோலா தொப்பியை ஐரோப்பா தந்த சில நல்ல வரங்களில் ஒன்றாகவே பார்க்கிறது என்பது. நாட்டில் இவ்வளவு வெறுப்பு இல்லையென்றால் அதைப் பரப்பும் சங்கத்துக்குத் தானே தலைவராக இருப்பேன் என்றும் எழுதினார். இந்த ஊர் வெயிலில் நடந்த மனிதர் சொல்கிறார், லேசு, நிழல், காற்று மூன்றும் ஒரே பொருளில் இருக்கிறது என்று. அது உண்மையும்கூட. அப்படியானால் 'சோலார்' என்ற பெயர் வேலையளவில் சரிதானே, வெயிலுக்கான தொப்பியை வெயில் தொப்பி என்று சொன்னால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். தொப்பி நல்ல தொப்பி என்பதில் எனக்கு வழக்கே இல்லை. வழக்கு பெயரின் மேல். காந்தியின் வாக்கியத்திலேயே அதன் விளைவு தெரிகிறது. நெட்டி வங்கத்துச் சதுப்பில் விளைந்தது, உரித்தது அங்குள்ள கைகள், 'சோலா'வும் 'டோப்பி'யும் இரண்டுமே இந்த நாட்டுச் சொற்கள். இத்தனைக்கும் பிறகு கிராமத் தொழில்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து எழுதிக்கொண்டிருந்த காந்தியின் கண்ணுக்கே அது ஐரோப்பிய வரமாகத் தெரிந்தது. அவர் 'சோலா' என்று சரியாகத்தான் எழுதினார். இருந்தும் பொருளின் ஊர் மறைந்துவிட்டிருந்தது. மீனவர் வலையில் மிதந்த செடியின் பெயர் சூரியனின் பெயராக மாறிய இடத்தில்தான் இந்த மறதிக்கு வாசல் திறந்தது என்கிறேன். கதராடைக்கு வாதாடியவர் நெட்டித்தொப்பிக்கும் அதே காரணத்தால் வாதாடியிருக்க முடியும். பெயர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

மூன்றாவது மறுப்பு நம் வீட்டுக்குள்ளிருந்தே வரும். சோலா என்பது நம்முடைய சோலை அல்லவா? ஆங்கில அகராதிகளிலேயே 'ஷோலா' என்றால் மலைக்காடு, மூலம் தமிழ் என்று போட்டிருக்கிறதே? போட்டிருப்பது உண்மை, 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்'னிலும் அந்த 'ஷோலா' உண்டு, தமிழ்ச் சோலையிலிருந்து வந்தது என்றே உண்டு. நீலகிரியின் பள்ளத்தாக்குக் காடுகளைக் குறிக்க இன்றும் வனத்துறை எழுதும் சொல் அது. ஆனால் அது வேறு சொல். எழுத்தில் ஒன்றாக வந்து உட்கார்ந்த இரண்டு அந்நியர்கள். காரணத்தைச் செடியே சொல்லிவிடுகிறது: நெட்டி தேங்கின தண்ணீரில், சமவெளியில் வளர்வது, மலைச்சரிவுக் காட்டுக்கும் அதற்கும் உறவில்லை. ஜவ்வாது மலையையே எடுத்துக்கொள்வோம். மேலே இருப்பவை பெரும்பாலும் இலையுதிர் காடுகள், சந்தனத்துக்குப் பேர்போனவை. உத்திர காவேரி போன்ற ஓடைகள் மழைக்குப் பாய்ந்து வடிந்துவிடும், வேர் ஊன்றி நின்று கொழுக்க நெட்டிக்கு வேண்டிய குட்டை அங்கே வாய்ப்பது அரிது. 1882இன் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு இந்த மாகாணத்துக் காடுகளில் எல்லைக்கல் நட்டுக்கொண்டு போன வனத்துறைத் துரை தலையில் சோலா இருந்தது. அவர் கோப்பில் எழுதிய காட்டுச் சொற்களில் ஷோலா இருந்தது. ஒன்று கங்கைச் சமவெளியில் கிளம்பி வந்தது, மற்றது தமிழ் மலையிலிருந்து இறங்கி வந்தது. ஒரே ஆளின் உடம்பில் இரண்டும் ஒரு சாண் இடைவெளியில் சந்தித்துக்கொண்டதற்காகச் சொந்தம் கொண்டாட முடியாது. சோலாவைச் சோலையாக்க ஆசைப்படுகிறவர் செய்வதும், அதைச் சோலார் ஆக்கிய துரை செய்ததும் ஒரே வேலைதான். காதுக்குப் பழகின சொல் கிடைத்ததும் செடியைப் போய்ப் பார்க்காமல் விட்டுவிடுவது.

நம்பிக்கை எப்படிப் போனது என்பது சுருக்கமான கதை. கப்பலில் கிழக்கே வருகிறவர்கள் போர்ட் சயீதில் இறங்கி சைமன் ஆர்ட்ஸ் கடையில் டோப்பி வாங்குவதும், ஊர் திரும்புகிறவர்கள் அதே இடத்தில் அதைக் கடலில் வீசுவதும் ஒரு சடங்காகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டில் லட்சக்கணக்கான பிரிட்டிஷ் படையினர் மடிப்புத் தொப்பியோடும் சில சமயம் வெறுந்தலையோடும் திரிந்தார்கள், யார் மூளையும் உருகவில்லை. பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல் 1944 அக்டோபரில் 'டிரிப்யூன்' பத்திரிகைப் பத்தியில் இதை நேராகவே எடுத்துப் போட்டார்: ஐரோப்பியனின் மண்டை மெல்லியது, கீழ்நாட்டவனின் மண்டை தடித்தது என்ற கதை ஆள்பவனையும் ஆளப்படுகிறவனையும் வேறாகக் காட்ட உதவியது, அதனால்தான் உயிரோடிருந்தது என்று. அவர் சொன்ன இடத்துக்கு நாம் ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறோம். 1947க்குப் பிறகு டோப்பி நாடகக் கொட்டகையிலும் சினிமாவிலும் துரை வேஷத்துக்கு மட்டும் மிஞ்சியது.

நெட்டி போகவில்லை. பர்னெல் நீதிபதியாக உட்கார்ந்த தஞ்சாவூரில் அது பெரிய கோயிலின் விமானமாகவும் நந்தியாகவும் செதுக்கப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் விற்கிறது. 2020இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. டெல்டா ஊர்களில் சாயம் ஏற்றிய நெட்டித் துண்டுகளைக் கோத்து மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் கட்டுகிறார்கள், சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று. 'சோலார்' என்ற சொல்லும் போகவில்லை, சொல்லப்போனால் இப்போதுதான் அது தமிழாகியிருக்கிறது. ஜவ்வாது மலைப் பக்கத்து ஊர்களில் பள்ளிக்கூடம் போகாதவரும் சோலார் விளக்கு, சோலார் வேலி என்று சரளமாகச் சொல்கிறார். அவர் வாயில் கடைசி 'ர்' தெளிவாகவே ஒலிக்கிறது. இணையக் கடைகளில் இப்போது சோலார் தொப்பி என்று ஒன்று விற்கிறது. பிளாஸ்டிக், உச்சியில் தீப்பெட்டி அளவு சூரியத் தகடு, முன்விளிம்பில் நெற்றிக்குக் காற்று வீசும் ஒரு குட்டி விசிறி. வெயில் ஏற ஏற விசிறி வேகமாகச் சுற்றும். அதில் நெட்டி துளியும் கிடையாது; பெயர் மட்டும் எழுத்துக்கு எழுத்து சரி.